மெசேஜ் க்யூ மென்பொருள்: பயன்படுத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஐபிஎம் எம்க்யூ, ராபிட்எம்க்யூ, ஆக்டிவ்எம்க்யூ, அமேசான் எஸ்க்யூஎஸ், காஃப்கா இவற்றோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரு புரோகிராம் அனுப்பும் மெசேஜை, இன்னொன்று எடுக்கும்வரை வரிசையில் வைத்திருப்பதுதான் மெசேஜ் க்யூ. பெயர்களும் பிழை எண்களும் மாறுமே தவிர, எல்லாச் சிக்கலுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த நொடியில் இந்த மெசேஜ் யார் பொறுப்பில் இருக்கிறது? அனுப்பியவரிடமா, புரோக்கரிடமா (நடுவில் க்யூவை நடத்தும் சர்வர்), வாங்கியவரிடமா? இதற்கு விடை சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். சொல்ல முடியவில்லை என்றால் எந்த மென்பொருளை வாங்கியும் பயனில்லை.

எதிர்முனைப் புரோகிராமை அதன் ஏபிஐ வழியாக நேரடியாகக் கூப்பிட்டால் போதாதா, நடுவில் எதற்கு ஒரு க்யூ?

பல இடங்களில் போதும். பயனர் திரைக்கு முன்னால் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றால், நடுவில் க்யூ வைப்பதால் பிழையைத் தேட வேண்டிய இடம் ஒன்று கூடுகிறதே தவிர வேறு பெரிய லாபம் இல்லை. அனுப்பும் புரோகிராமும் வாங்கும் புரோகிராமும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்ப முடியாதபோதுதான் க்யூ தேவைப்படுகிறது. எதிர்முனை இரவில் இரண்டு மணி நேரம் பராமரிப்புக்காக நிற்கும், அல்லது மாதக் கடைசியில் பத்து மடங்கு சுமை வரும், அப்போதும் அனுப்புபவர் நிற்கக் கூடாது என்றால் க்யூ வையுங்கள். 1993-ல் ஐபிஎம் இதை எம்க்யூசீரிஸ் என்ற பெயரில் கொண்டுவந்ததிலிருந்து இந்த அடிப்படைத் தேவை மாறவே இல்லை.

(அதே பொருள் 2002-ல் வெப்ஸ்பியர் எம்க்யூ ஆனது, 2014-ல் ஐபிஎம் எம்க்யூ ஆனது. பழைய பிழை ஒன்றுக்கு விடை தேடுகிறீர்கள் என்றால் மூன்று பெயரிலும் தேடிப் பாருங்கள், நல்ல விளக்கங்கள் பல பழைய பெயரில்தான் கிடைக்கும்.)

எந்த மென்பொருளை எடுப்பது?

உங்கள் குழுவில் இரவு மூன்று மணிக்கு எழுந்து அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எதை அறிவாரோ, அதை. மழுப்பலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் முதல் அளவுகோல். அதற்கு அடுத்து, மெயின்ஃப்ரேமோடு பேச வேண்டும், ஒரு மெசேஜ்கூடப் போகக் கூடாது, உரிமத்துக்குப் பணம் இருக்கிறது என்றால் ஐபிஎம் எம்க்யூ இன்னும் அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. வழித்தட விதிகள் (எந்த மெசேஜ் எந்த க்யூவுக்கு என்பவை) நிறைய வேண்டும் என்றால் ராபிட்எம்க்யூ. சர்வரே பராமரிக்க விருப்பமில்லை என்றால் எஸ்க்யூஎஸ். காஃப்காவை க்யூ என்று நினைத்து எடுக்காதீர்கள். அது அடிப்படையில் ஒரு பதிவேடு: படித்த மெசேஜ் அழியாது, படிக்காத மெசேஜும் காலக்கெடு முடிந்தால் போய்விடும். இயல்பான கெடு 7 நாள். வாங்கும் புரோகிராம் அதற்கு மேல் நின்றுபோனால், யாரும் படிக்காமலேயே போன மெசேஜ்களுக்காகக் காஃப்கா ஒரு வார்த்தை சொல்லாது. ஏற்கெனவே நடந்தவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும், பல குழுக்கள் ஒரே தரவைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்றால் அதற்கு ஈடு இல்லை. அது வேறு தேவை, அவ்வளவுதான்.

"மெசேஜ் தொலைந்துவிட்டது." எங்கிருந்து தேடுவது?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தொலைந்ததாகச் சொல்லப்படும் மெசேஜ்களில் பெரும்பாலானவை தொலைவதில்லை, எங்கோ நிற்கின்றன. உண்மையிலேயே தொலைபவை, தொலையலாம் என்று நாம் ஏற்கெனவே அனுமதி கொடுத்தவை.

ஐபிஎம் எம்க்யூவில் புதிதாக ஒரு க்யூ உருவாக்கினால் அதன் இயல்பான அமைப்பு 'பெர்சிஸ்டன்ட் இல்லை' என்பது. அனுப்பும் புரோகிராம் வெளிப்படையாகச் சொல்லாமல் க்யூவின் அமைப்புக்கே விட்டுவிட்டால், மெசேஜ் வட்டில் எழுதப்படாது, க்யூ மேனேஜரை (க்யூக்களை நடத்தும் ஐபிஎம் எம்க்யூ சர்வர்) மறுதொடக்கம் செய்தவுடன் காணாமல் போகும். இரண்டு க்யூ மேனேஜர்களுக்கு நடுவே ஓடும் சேனலிலும் அப்படித்தான். பெர்சிஸ்டன்ட் அல்லாத மெசேஜ்களை வேகமாக அனுப்பு என்பதுதான் இயல்பு, சேனல் பாதியில் அறுந்தால் அவை போனதுதான். இது மென்பொருளின் குறை அல்ல, எழுதிவைத்த விதியே அதுதான். அந்த விதியைத் திட்டம் தொடங்கும்போதே படித்து முடிவெடுக்கிற குழுக்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

ராபிட்எம்க்யூவில் வேறு மாதிரி. நீங்கள் நேராக க்யூவுக்கு அல்ல, மெசேஜ்களை க்யூக்களுக்குப் பிரித்து அனுப்பும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புகிறீர்கள், அதிலிருந்து எந்த க்யூவுக்கும் பொருந்தும் இணைப்பு இல்லை என்றால் மெசேஜ் சத்தமில்லாமல் கீழே போடப்படும். இதில் வயிற்றைக் கலக்குவது என்னவென்றால், பப்ளிஷர் கன்ஃபர்ம் (அனுப்பியதற்குப் புரோக்கரிடம் ஒப்புதல் கேட்கும் வசதி) போட்டிருந்தாலும் 'வாங்கிக்கொண்டேன்' என்றே பதில் வரும், ஏனென்றால் எக்ஸ்சேஞ்ச் தன் கடமையைச் செய்துவிட்டது. 'மேண்டேட்டரி' கொடியோடு அனுப்பினால் திருப்பி அனுப்பும், அல்லது மாற்று எக்ஸ்சேஞ்ச் ஒன்றை வைத்தால் அங்கே போய்ச் சேரும். இரண்டில் ஒன்று இல்லாமல் உற்பத்திச் சூழலுக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று ஆயுட்காலம். காலாவதி நேரம் வைத்த மெசேஜ் நேரம் முடிந்ததும் மறைந்துவிடும், அறிக்கை வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒழிய யாருக்கும் சொல்லாது. அனுப்பிய குழு வைத்த காலாவதி வாங்கும் குழுவுக்குத் தெரியாமல் இருப்பது சாதாரணம்.

க்யூவில் 12 மெசேஜ் இருப்பதாகக் காட்டுகிறது, எடுக்கப் போனால் 2033, அதாவது மெசேஜ் எதுவும் இல்லை என்கிறது. ஏன்?

ஐபிஎம் எம்க்யூவில் இதற்கு இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, அந்த 12-ம் கமிட் ஆகாதவை (பரிவர்த்தனை இன்னும் உறுதி ஆகாதவை). ஒருவர் போட்டுவிட்டு இன்னும் கமிட் செய்யவில்லை. எண்ணிக்கையில் அவை சேரும், ஆனால் உங்கள் கைக்கு வராது. க்யூ நிலையைக் காட்டும் கட்டளையில் கமிட் ஆகாதவை உண்டா என்று தனிப் புலமே இருக்கிறது, அதைப் பாருங்கள்.

இரண்டாவது, புதிதாக எம்க்யூ புரோகிராம் எழுதுபவர்கள் எல்லோரையும் ஒரு முறையாவது உட்காரவைக்கும் விஷயம். முதல் மெசேஜ் வந்துவிடும், இரண்டாவது வராது. ஏனென்றால் முதல் மெசேஜின் அடையாள எண் உங்கள் புரோகிராம் கேட்கப் பயன்படுத்தும் விவரப் பகுதியிலேயே தங்கிவிட்டது, அடுத்த முறை கேட்கும்போது 'அதே எண் உள்ள மெசேஜைக் கொடு' என்று கேட்டதாக ஆகிறது. ஒவ்வொரு முறையும் மெசேஜ் எண்ணையும் தொடர்பு எண்ணையும் வெறுமையாக்கிவிட்டுக் கேளுங்கள், அல்லது பொருத்திப் பார்க்காதே என்று விருப்பத்தை மாற்றுங்கள்.

2035, அதாவது அனுமதி இல்லை என்று வருகிறது. அனுமதி எல்லாம் கொடுத்தாகிவிட்டது, இன்னும் வருகிறது.

கிளையன்ட் பக்கம் (இணையும் உங்கள் புரோகிராமின் பக்கம்) எவ்வளவு நேரம் பார்த்தாலும் விடை கிடைக்காது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றேதான் வெளியே வெறும் 2035 மட்டும் தருகிறார்கள். உண்மையான காரணம் க்யூ மேனேஜரின் பிழைப் பதிவுக் கோப்பில் இருக்கும்: சேனல் விதி (யார் அந்தச் சேனல் வழியாக இணையலாம் என்பது) தடுத்ததா, கடவுச்சொல் தவறா, அந்தக் குறிப்பிட்ட க்யூவுக்கு மட்டும் அனுமதி இல்லையா என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கும். பழைய க்யூ மேனேஜரிலிருந்து புதிதாக உருவாக்கியதற்கு மாறியவர்கள் பலரும் மாட்டுவது, 2011-ல் வந்த 7.1 பதிப்பிலிருந்து சேனல் விதிகள் இயல்பாகவே இயங்குவதால். நிர்வாகி உரிமை உள்ள பயனர் தொலைவிலிருந்து கிளையன்டாக நுழைய முடியாது. 2014-ல் வந்த 8.0-வில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கும் வசதி சேர்ந்தது.

தேடினால் கிடைக்கும் முதல் 'தீர்வு' சேனல் விதிகளை முழுதாக அணைத்துவிடச் சொல்லும். தயவுசெய்து செய்யாதீர்கள். வேலை செய்யும்தான், ஆனால் அந்த போர்ட்டை எட்ட முடிந்த யாருக்கும் நிர்வாகி உரிமைவரை வழி திறந்துவிட வாய்ப்பு இருக்கிறது. அந்தச் செயலிக்கென்று அதிகாரம் குறைந்த ஒரு பயனரை வைத்து, அந்தச் சேனலுக்கு மட்டும் ஒரு விதி எழுதினால் பத்து நிமிட வேலை.

2085, அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. க்யூ கண்ணெதிரே இருக்கிறதே?

எழுத்தின் அளவைப் பாருங்கள். கட்டளை வரியில் ஒற்றை மேற்கோள் இல்லாமல் சிறிய எழுத்தில் பெயர் கொடுத்தால் அது பெரிய எழுத்தாக மாறிப் பதிவாகும். புரோகிராமோ சிறிய எழுத்தில் தேடுகிறது. அது சரியாக இருந்தால், வேறு க்யூ மேனேஜரோடு இணைந்திருக்கிறீர்கள்.

க்யூ ஆழத்துக்கு (காத்திருக்கும் மெசேஜ்களின் எண்ணிக்கைக்கு) எச்சரிக்கை வைத்திருக்கிறோம். அது போதுமா?

போதாது. ஆழம் 4,000 என்பது ஒரு க்யூவுக்கு இரண்டு நொடி வேலை, இன்னொன்றுக்கு ஒரு நாள் வேலை. ஆழம் 1 என்பதே பேராபத்தாக இருக்கலாம், அந்த ஒன்று காலையிலிருந்து அங்கேயே இருந்தால். மிகப் பழைய மெசேஜின் வயதைக் கண்காணியுங்கள். ஐபிஎம் எம்க்யூவில் அதைக் காட்டும் வசதி இருக்கிறது, ஆனால் க்யூ கண்காணிப்பை இயக்கிவைத்தால்தான் எண் வரும். எஸ்க்யூஎஸ்ஸில் நேரடியாகவே ஒரு அளவீடாகக் கிடைக்கிறது. அதோடு, அந்த க்யூவை வாசிப்பதற்காக எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற எண். அது பூஜ்யம் என்றால் ஆழத்தைப் பார்க்கவே வேண்டாம், வாங்குபவர் இல்லை.

அப்புறம், மேலதிகாரிகள் கேட்கும் "எப்போது சரியாகும்?" என்ற கேள்விக்குக் கணக்கு போட்டுப் பழகுங்கள். நொடிக்கு 1,000 மெசேஜ் வருகிறது, உங்களால் நொடிக்கு 1,200 முடிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் பக்கம் ஒரு மணி நேரம் நின்றால் 36 லட்சம் சேர்ந்துவிடும். திரும்ப வந்த பிறகும் புதியவை வந்துகொண்டே இருப்பதால் மிச்சம் இருப்பது நொடிக்கு 200 மட்டுமே, ஆக பழையது தீர 5 மணி நேரம். ஒரு மணி நேரத் தடங்கல் ஆறு மணி நேரத் தடங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம், இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லோரும் மென்பொருளைத்தான் குறை சொல்வார்கள். ஐபிஎம் எம்க்யூவில் ஒரு க்யூவின் இயல்பான உச்ச ஆழம் 5,000 தான் என்பதையும் கவனியுங்கள். இந்தக் கணக்கின்படி ஐந்தே நொடியில் 2053 (க்யூ நிறைந்துவிட்டது) வந்து அனுப்புபவரும் நின்றுவிடுவார், க்யூ வைத்த நோக்கமே வீண்.

ஒரே மெசேஜ் இரண்டு முறை வருகிறது. இது பிழையா?

இல்லை, ஒப்பந்தமே அப்படித்தான். வேலையை முடித்துவிட்டு 'முடிந்தது' என்று சொல்லும் தறுவாயில் இணைப்பு அறுந்தால், அந்தச் சொல் புரோக்கருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, அது சொல்லப்பட்டதா என்று புரோக்கருக்கும் தெரியாது. தொலைப்பதைவிட மறுபடி கொடுப்பது மேல் என்று புரோக்கர் முடிவெடுக்கிறது, அது சரியான முடிவு. எம்க்யூவில் கமிட் செய்யும் நேரத்தில் 2009 (இணைப்பு அறுந்தது) வந்தால் இதே நிலைதான்.

இணைப்பு அறுந்தால் மட்டும் அல்ல, நீங்கள் மெதுவாக வேலை செய்தாலே இது நடக்கும். எஸ்க்யூஎஸ்ஸில் எடுத்த மெசேஜ் இயல்பாக 30 நொடி மட்டுமே மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்திருக்கும். உங்கள் வேலை 40 நொடி எடுத்தால் இன்னொருவரும் அதை எடுத்துச் செய்துகொண்டிருப்பார். ராபிட்எம்க்யூவில் 30 நிமிடத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் இணைப்புக்குள் ஓடும் சேனலையே மூடி மெசேஜைத் திரும்ப வரிசையில் வைக்கும். காஃப்காவில் 5 நிமிடத்துக்குள் அடுத்த முறை கேட்காவிட்டால் நீங்கள் இறந்துவிட்டதாக முடிவு செய்து உங்கள் பங்கை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஒரே முறையில் 500 பதிவுகள் வரை வரும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி எடுத்தால்கூட அந்தக் கெடுவைத் தாண்டிவிடுவீர்கள், பிறகு எடுத்தவரும் அதே கதி, யாருமே முன்னேறாமல் குழு சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே வாங்கும் புரோகிராம், ஒன்றையே இரண்டு முறை செய்தாலும் கெடுதல் வராதபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு மெசேஜிலும் தொழில் சார்ந்த ஒரு எண் இருக்கட்டும், பரிவர்த்தனை எண் மாதிரி, புரோக்கர் கொடுக்கும் எண் அல்ல. அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் தனித்தன்மை விதியோடு, வேலையைப் பதிவு செய்யும் அதே பரிவர்த்தனைக்குள் எழுதுங்கள். இரண்டாவது முறை வந்தால் தரவுத்தளமே தடுத்துவிடும்.

ஒரு மெசேஜ் மட்டும் திரும்பத் திரும்ப வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

நச்சு மெசேஜ். வடிவம் கெட்டது, படிக்கும்போதெல்லாம் புரோகிராம் விழுகிறது, ரோல்பேக் ஆகிறது (செய்தது ரத்தாகிறது), மறுபடி வரிசையின் தலைக்கே வருகிறது. ஐபிஎம் எம்க்யூவில் 'இத்தனை முறைக்கு மேல் திரும்பினால் இன்ன வேறு க்யூவுக்குத் தள்ளு' என்று அமைக்கும் இடம் இருப்பதால் க்யூ மேனேஜரே பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். பார்க்காது. ஜாவாவின் ஜேஎம்எஸ் நூலகம் அந்த எண்ணைப் படித்து நடந்துகொள்கிறது. சி-யிலோ கோபாலிலோ நேரடியாக எழுதிய புரோகிராம் தானே எண்ணிப் பார்த்து ஒதுக்க வேண்டும். ராபிட்எம்க்யூவின் குவோரம் க்யூக்களில் (பல சர்வர்களில் நகல் வைக்கும் வகை) 4.0 முதல் இயல்பாக 20 முறை என்ற வரம்பு இருக்கிறது, நல்லதுதான், ஆனால் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் (கொடுக்க முடியாத மெசேஜ்களை ஒதுக்கும் வழி) அமைக்காமல் விட்டிருந்தால் வரம்பு தாண்டியதும் மெசேஜ் ஒதுக்கப்படாது, அழிக்கப்படும். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்துபவர்கள் இதை முதல் வேலையாகப் பாருங்கள்.

டெட் லெட்டர் க்யூவில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அழித்துவிடலாமா?

யாருடையவை என்று தெரியாமல் அழிக்காதீர்கள். ஒவ்வொன்றும் யாரோ செலுத்திய பணமாக, யாரோ போட்ட ஆர்டராக இருக்கலாம். ஐபிஎம் எம்க்யூவில் அங்கே போகும் மெசேஜின் தலைப்பகுதியில் காரண எண்ணும், போக வேண்டியிருந்த க்யூவின் பெயரும் இருக்கும். முதலில் காரண வாரியாகப் பிரியுங்கள். 2053 என்றால் அன்று க்யூ நிறைந்திருந்தது, இப்போது திரும்ப அனுப்பலாம்; ஆனால் இத்தனை நாள் கழித்து அனுப்புவது சரியா என்று அந்தச் செயலியின் குழுவிடம் கேட்ட பிறகு. 2085 என்றால் பெயர் தவறு, திருத்தாமல் அனுப்பினால் திரும்ப அங்கேயே வரும்.

நிர்வாகக் குழு க்யூ மேனேஜரைப் பார்த்துக்கொள்கிறது, செயலிக் குழு தன் க்யூவைப் பார்த்துக்கொள்கிறது, டெட் லெட்டர் க்யூவை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பெயர் சொல்லி ஒருவருக்கு ஒப்படைக்காத வரை அது அப்படியேதான் இருக்கும். செயலிக்கு ஒன்றாகத் தனித்தனி ஒதுக்கு க்யூ வைத்தால் பொறுப்பும் தானாகப் பிரிந்துவிடும்.

ஆக்டிவ்எம்க்யூவில் எல்லா க்யூவும் காலி, வட்டு மட்டும் நிறைந்துகொண்டே போகிறது.

இதுவும் டெட் லெட்டர் சமாச்சாரம்தான், பெரும்பாலும். மெசேஜ்கள் 32 எம்பி கோப்புகளில் தொடர்ச்சியாக எழுதப்படுகின்றன. ஒரு கோப்பில் ஒரே ஒரு மெசேஜ் எடுக்கப்படாமல் இருந்தாலும் முழுக் கோப்பும் அழிக்கப்படாது. ஒதுக்கு க்யூவில் மணிக்கு ஒன்று விழுந்தாலே போதும், ஒவ்வொன்றும் ஒரு கோப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அங்கே இல்லை என்றால், எப்போதோ பதிவு செய்துவிட்டு இணைப்பே இல்லாமல் போன டியூரபிள் சந்தாதாரரைத் (இணைப்பில் இல்லாதபோதும் மெசேஜ் சேர்த்துவைக்கப்படுபவர்) தேடுங்கள்.

ராபிட்எம்க்யூ திடீரென்று எதையும் ஏற்பதில்லை, பிழையும் தருவதில்லை.

நினைவக எச்சரிக்கை அல்லது வட்டு எச்சரிக்கை. நினைவகம் வரம்பைத் தாண்டினால் (முன்பு 40 சதவீதம், 4.0 முதல் 60) அனுப்புபவர்களின் இணைப்பை அப்படியே நிறுத்திவைக்கும், க்ளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர்கள்) ஒரு நோடில் நடந்தாலும் எல்லா நோடிலும். அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே இணைப்பைப் பயன்படுத்தினால், ஒப்புதல்களும் அதே இணைப்பில் மாட்டிக்கொண்டு க்யூ காலியாகாமல் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு வையுங்கள். வட்டின் இயல்பான வரம்பு 50 எம்பி என்பது உற்பத்திக்கு மிகமிகக் குறைவு.

பெரிய கோப்புகளை க்யூ வழியாக அனுப்பலாமா?

முடியும், வேண்டாம். ஐபிஎம் எம்க்யூவில் இயல்பு 4 எம்பி, உச்சம் 100 எம்பி. உயர்த்தினால் க்யூ, சேனல், க்யூ மேனேஜர், நடுவில் இருக்கும் டிரான்ஸ்மிஷன் க்யூ என்று எல்லா இடத்திலும் உயர்த்த வேண்டும், ஒன்று விட்டாலும் அங்கே நிற்கும். கோப்பை வேறு சேமிப்பில் வைத்து அதன் முகவரியை மட்டும் அனுப்புங்கள். யார் எப்போது அந்தக் கோப்பை அழிப்பது என்பதையும் அப்போதே எழுதிவைத்துவிடுங்கள்.

போட்ட வரிசையிலேயே வருமா?

வாங்குபவர் ஒருவர் மட்டும் இருந்து, எதுவும் ரோல்பேக் ஆகாமல் இருந்தால் வரும். இரண்டாவது வாங்குபவரைச் சேர்த்த நாளே வரிசை போய்விடும். பெரும்பாலான தொழில்களுக்கு மொத்த வரிசை தேவையே இல்லை, ஒரு கணக்குக்குள் அல்லது ஒரு ஆர்டருக்குள் வரிசை இருந்தால் போதும். அதைக் காஃப்காவின் பார்ட்டிஷனும் (தரவின் ஒரு பகுதி) எஸ்க்யூஎஸ் ஃபிஃபோவின் (வரிசை காக்கும் க்யூ வகை) குழு எண்ணும் தருகின்றன.

தரவுத்தளமும் க்யூவும் ஒன்றாகக் கமிட் ஆக எக்ஸ்ஏ (இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாக்கும் முறை) பயன்படுத்தலாமா?

வேலை செய்யும். ஆனால் நடுவிலிருக்கும் ஒருங்கிணைப்பாளர் தவறான நொடியில் விழுந்தால் இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டு நிற்கும், அதை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. நான் பரிந்துரைப்பது: அனுப்ப வேண்டிய மெசேஜை அதே தரவுத்தளப் பரிவர்த்தனையில் ஒரு அட்டவணையில் எழுதிவிட்டு, தனிப் புரோகிராம் ஒன்று அங்கிருந்து எடுத்து க்யூவில் போடட்டும். இரட்டிப்பு வரலாம், அதற்குத்தான் மேலே சொன்ன தனித்தன்மை எண்.

ஒரு பக்கத்து க்யூ மேனேஜரைப் பழைய நகலிலிருந்து மீட்டோம். சேனல் வரிசை எண் பொருந்தவில்லை என்கிறது.

உடனே ரீசெட் கட்டளையை அடிக்காதீர்கள். முதலில் அனுப்பும் பக்கம் சேனல் சந்தேக நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு தொகுதி மெசேஜ் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. அனுப்பும் பக்கத்தின் தற்போதைய தொகுதி அடையாளத்தையும் வாங்கும் பக்கத்தின் கடைசித் தொகுதி அடையாளத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, கமிட் என்று தீர்த்துவிடலாம். வேறு என்றால் பேக்அவுட் (ரத்து). மீட்ட பக்கம் வாங்கும் பக்கமாக இருந்தால் அதன் அடையாளமும் பழைய நகலுடையதாக இருக்கும், அப்போது இந்த ஒப்பீட்டை மட்டும் நம்பாமல் செயலியின் பதிவுகளையும் பாருங்கள். அதன் பிறகுதான் ரீசெட்.

உள் நெட்வொர்க்கில்தானே இருக்கிறது, புரோக்கரைப் புதுப்பிக்காமல் விட்டால் என்ன?

2023 அக்டோபரில் ஆக்டிவ்எம்க்யூவில் சிவிஇ-2023-46604 என்ற பதிவு எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டை வெளியானது: 61616 போர்ட்டை எட்ட முடிந்தவர் எவரும் கடவுச்சொல் இல்லாமல் சர்வரில் தன் கட்டளையை ஓட்ட முடியும். பணம் பறிக்கும் கும்பல்கள் உடனே அதைப் பயன்படுத்தத் தொடங்கின. 5.15.16, 5.16.7, 5.17.6, 5.18.3 ஆகியவற்றில் சரிசெய்யப்பட்டது. நிறுவனத்தின் எல்லாச் செயலிகளோடும் பேசும் ஒரு சர்வரைத்தான் புதுப்பிக்காமல் விடுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மெசேஜை எடுக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க முடியுமா?

ஐபிஎம் எம்க்யூவில் தாராளமாக. பிரவுஸ் செய்தால் மெசேஜ் இருந்த இடத்திலேயே இருக்கும், அதற்கான மாதிரிப் புரோகிராமும் கூடவே வருகிறது. ராபிட்எம்க்யூவின் மேலாண்மைப் பக்கத்தில் பார்ப்பது உண்மையில் எடுத்துத் திரும்ப வைப்பது, அதனால் 'ஏற்கெனவே கொடுக்கப்பட்டது' என்ற குறி ஏறிவிடும். எஸ்க்யூஎஸ்ஸில் இன்னும் கவனம் வேண்டும்: கன்சோலில் பார்த்தாலே பெற்ற எண்ணிக்கை ஒன்று கூடும், வரம்பு 3 என்று வைத்திருந்தால் நாலு பேர் ஆர்வத்தில் எட்டிப் பார்த்ததற்கே அந்த மெசேஜ் டெட் லெட்டர் க்யூவுக்குப் போய்விடும்.